கை நுழையாத இடத்து நட்டும் போல்ட்டும்: பழைய மகிழுந்து இஞ்சினில் அவற்றை உடைக்காமல் கழற்றும் முறை

மலேசியாவில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில், லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) பின்னால் இறக்கிய தகரக் கூரையின் கீழ் ஒரு மோரிஸ் மைனரோ டட்சன் 120ஒய் வண்டியோ நின்றுகொண்டிருப்பதை இன்றும் பார்க்கலாம். அவற்றைச் சொந்தக் கையால் சீர்செய்ய முனைகிறவர்களை வேலையின் பெரிய பகுதிகள் தடுப்பதில்லை. இஞ்சினுக்கும் சுவருக்கும் நடுவில், கண்ணுக்குத் தெரியாமலும் கைக்கு எட்டாமலும் ஒளிந்திருக்கும் ஏதோ ஒரு நட்டுதான் ஒரு வார இறுதியை முழுதாக விழுங்கிவிடுகிறது. ரப்பர் ஆலையில் ஃபிட்டராக இருந்த தந்தையாரிடம் கற்றதையும், பிறகு நானே தவறு செய்து தெரிந்துகொண்டதையும் சேர்த்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். பெரும்பாலான எடுத்துக்காட்டுகள் மோரிஸ் மைனர் 1000 வண்டியின் ஏ-சீரிஸ் இஞ்சினைச் சார்ந்தவை. முறைகள் மற்றப் பழைய வண்டிகளுக்கும் பொருந்தும்.

எட்டாத நட்டு கடினமானதாகத் தோன்றுவதற்கு அது இறுகியிருப்பது பாதிக் காரணம்தான். ஸ்பேனர் நேராக உட்காராமல் சாய்வாகப் பிடிப்பதும், கை முழு வீச்சில் அசைய இடமில்லாததும், பார்வையில்லாமல் தடவியே வேலை செய்வதும் மீதிக் காரணங்கள். ஆகவே பலத்தைக் கூட்டுவதற்கு முன்பு அந்த மூன்று குறைகளையும் ஒவ்வொன்றாக நீக்கவேண்டும். கீழே உள்ள படிகளின் வரிசையும் அதற்காகவே அமைந்தது. நடுவில் ஒரு படியைத் தாண்டிச் சென்றால் பெரும்பாலும் அந்தப் படிக்கே திரும்பி வரவேண்டியிருக்கும், அதுவும் முனை தேய்ந்த நட்டுடன்.

தொடங்குவதற்கு முன்

தோட்டத்துச் செம்மண் தரை காய்ந்திருக்கும்போது உறுதியாகத் தெரிந்தாலும், ஒரு மழைக்குப் பிறகு ஜாக் ஸ்டாண்டின் கால்கள் அதில் மெல்ல இறங்கும். ஸ்டாண்டின் அடியில் தடித்த பலகையோ இரும்புத் தகடோ வைக்காமல் வண்டிக்கு அடியில் படுக்கவே கூடாது. ஜாக்கை மட்டும் நம்பிப் படுப்பதைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. இரண்டாவதாக மின்கலத்தின் இணைப்பைத் துண்டிக்கவேண்டும். ஆலையிலிருந்து வந்த நிலையில் உள்ள மோரிஸ் மைனரில் நேர்முனைதான் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும் என்பதை நினைவில் வைத்து, வண்டியின் உடலுக்குச் செல்லும் கம்பியை முதலில் கழற்றுங்கள். ஸ்டார்ட்டருக்குப் போகும் தடித்த கம்பியில் ஃபியூஸ் கிடையாது; அதன் முனையையும் இஞ்சினையும் ஒரு ரிங் ஸ்பேனர் ஒரே நேரத்தில் தொட்டுவிட்டால் ஸ்பேனர் நொடியில் சிவந்துவிடும்.

வெளிச்சத்துக்கு, ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் விடியலுக்கு முன்பு நெற்றியில் கட்டிக்கொள்ளும் விளக்கைவிட நல்லது எதுவுமில்லை. இரண்டு கைகளும் வேலைக்குக் கிடைக்கின்றன. பார்க்கும் திசையிலேயே ஒளியும் விழுகிறது. கழற்றும் நட்டுகளைப் போட்டுவைக்க, ரப்பர் பால் பிடிக்கும் பழைய கோப்பைகள் நான்கைந்து போதும். ஒவ்வொரு கோப்பையிலும் எங்கிருந்து கழற்றியது என்று ஒரு துண்டுக் காகிதம் எழுதிப் போடுங்கள்.

நட்டைக் கண்ணால் பார்த்தல்

தடவிப் பார்த்து உருவம் புரிந்துவிட்டதாக நினைப்பதுதான் முதல் தவறு. விரல்நுனிக்கு நட்டும் போல்ட் தலையும் ஒன்றுபோலவே தெரியும். நட்டின் பின்னால் ஸ்டட் (நட்டு ஏறி நிற்கும், தலையில்லாத திருகுக் கம்பி) எவ்வளவு நீண்டிருக்கிறது என்பது விரலுக்குப் புலப்படாது. சிறிய கண்ணாடி ஒன்றை நீண்ட கைப்பிடியில் பொருத்தி, விளக்கை அந்தக் கண்ணாடியின் மீது அடித்தால் ஒளி நட்டின் மீது திரும்பி விழும். கைப்பேசியை இடுக்கில் நுழைத்துப் படம் எடுப்பது இன்னும் எளிது. மூன்று செய்திகளைத் தெரிந்துகொள்ளவேண்டும்: நட்டின் முனைகள் முழுமையாக இருக்கின்றனவா, அதன் நடு அச்சுக்கு நேராக எந்தத் திசையில் வெற்றிடம் இருக்கிறது, ஸ்டட் எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்டட் அதிகம் நீண்டிருந்தால் சாதாரண சாக்கெட் (நட்டின் மேல் குப்பிபோல் கவிழும் கருவி) அடிவரை இறங்காது; ஆழமான சாக்கெட் தேவை.

மேனிஃபோல்ட் என்பது எரிகலவையை இஞ்சினுக்குள் கொண்டுபோகும், அல்லது புகையை வெளியே கொண்டுவரும் கிளைக்குழாய்; அதன் நட்டுகளில் ஏ-சீரிஸ் இஞ்சினுக்குத் தனிக் குணம் உண்டு. உட்செலுத்தும் வழிகள் இரண்டும் புகை வெளியேறும் வழிகள் மூன்றும் இஞ்சினின் மேற்பகுதியான தலையின் ஒரே பக்கத்தில் இருப்பதால், இரண்டு மேனிஃபோல்டுகளும் ஒன்றையொன்று ஒட்டியே உட்காருகின்றன. நடுவிலுள்ள பெரிய, தடித்த வாஷர்கள் இரண்டின் விளிம்பையும் ஒருசேர அழுத்துகின்றன. கீழ்வரிசை நட்டுகள் கார்பரேட்டருக்கும் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பாகம்) புகைக்குழாயின் வளைவுக்கும் அடியில் மறைந்துவிடுகின்றன. மேலிருந்து குனிந்து பார்த்தால் அவை இருப்பதே தெரியாது.

அளவைச் சரியாக அறிதல்

இந்த நாட்டில் பழைய வண்டிகளோடு பழகுகிறவர்கள் மூன்று அளவுமுறைகளைக் கலந்து கையாளவேண்டியிருக்கிறது, பாதி நட்டுகள் கெடுவதும் இந்தக் கலப்பால்தான். 1948ஆம் ஆண்டில் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் ஒப்புக்கொண்ட யூனிஃபைட் மரையை (மரை என்பது திருகின் சுருள்வரி) ஏ-சீரிஸ் இஞ்சின் பயன்படுத்துகிறது. மேனிஃபோல்ட் ஸ்டட்டின் தடிமன் 5/16 அங்குலம். அதன் நட்டுக்கு 1/2 அங்குல ஸ்பேனர் வேண்டும். 1/2 அங்குலம் என்பது 12.7 மி.மீ. கையில் இருக்கும் 13 மி.மீ. ஸ்பேனர் அதில் ஏறத்தான் செய்யும். ஆனால் அந்த 0.3 மி.மீ. இடைவெளி, துரு ஏறிய நட்டின் முனைகளை உருட்டிவிடப் போதுமானது. 3/4 அங்குலத்துக்கு 19 மி.மீ. ஸ்பேனரும் 5/8 அங்குலத்துக்கு 16 மி.மீ. ஸ்பேனரும் ஏறக்குறையப் பொருந்தும்; மற்ற அளவுகளில் இந்தச் சலுகையை எதிர்பார்க்காதீர்கள்.

ஜப்பானிய வண்டிகளில் 8 மி.மீ. போல்ட்டின் தலை பெரும்பாலும் 12 மி.மீ.; ஜெர்மானிய வண்டிகளில் அதே தடிமனுக்குத் தலை 13 மி.மீ. 10 மி.மீ. போல்ட் என்றால் டட்சனில் 14, பழைய மெர்சிடிஸில் 17. முந்தைய உரிமையாளர் ஒருவர் வேறு வண்டியின் போல்ட்டை மாட்டியிருக்கவும் கூடும் என்பதால், கையேட்டில் போட்டிருக்கும் அளவைவிடக் கண்ணெதிரே உள்ள நட்டை அளந்து பார்ப்பதே நம்பத்தக்கது. ஜப்பானிய கார்பரேட்டர்களில் உள்ள சிலுவைத் திருகாணிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை: தலையில் சிறு புள்ளி இருந்தால் அது ஜப்பானியத் தர அளவுடையது, சாதாரண ஃபிலிப்ஸ் திருப்புளி அதில் வழுக்கி ஏறி, பள்ளத்தைச் சிதைத்துவிடும்.

அளவு தெரிந்த பிறகு ஆறுமுனை சாக்கெட்டையோ ஆறுமுனை ரிங் ஸ்பேனரையோ தேர்ந்தெடுங்கள். பன்னிரண்டுமுனை ரிங் 30 டிகிரிக்கு ஒருமுறை புதிய இடத்தைப் பிடிக்கும் என்பதால் இடுக்கில் வசதியானது. ஆனால் அது முனையின் நுனியை மட்டுமே தொடுகிறது. ஆகவே முதல் தளர்வை ஆறுமுனையால் பெற்றுவிட்டு, அதன்பின் பன்னிரண்டுமுனைக்கு மாறுவதே என் வழக்கம்.

வழியில் நிற்பதை அகற்றுதல்

எட்டாத ஒரு நட்டைக் கழற்ற இருபது நிமிடம் போராடியவர், வழியில் நிற்கும் மூன்று நட்டுகளைக் கழற்றப் பத்து நிமிடம் செலவழிக்கத் தயங்குவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நானும் அப்படி இருந்தவன்தான். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பவர் இருந்தால் இதைப் படிக்கட்டும்.

மைனரில் முதலில் பானட்டைக் கீலோடு கழற்றி ஓரமாகச் சாய்த்துவையுங்கள். ஒருவர் துணை இருந்தால் சில நிமிட வேலைதான், முதுகும் வெளிச்சமும் உடனே நமக்குச் சாதகமாகிவிடும். மேனிஃபோல்டுக்குப் போவதானால் காற்று வடிகட்டியையும் எஸ்யூ என்ற வகைக் கார்பரேட்டரையும் கழற்றுங்கள். கார்பரேட்டரைப் பிடித்திருப்பவை இரண்டு நட்டுகள் மட்டுமே. பெட்ரோல் குழாயின் முனையை அடைத்து, ஆக்சிலரேட்டர், சோக் இணைப்புகளை விலக்கினால் அது கைக்கு வந்துவிடும். திறந்துகிடக்கும் வழியில் பளிச்சென்ற நிறமுள்ள துணியைத் திணித்துவையுங்கள். மங்கலான அழுக்குத் துணி மறந்து உள்ளேயே தங்கிவிடும். சிவப்புத் துணி கண்ணில் படாமல் போகாது. அடுத்ததாக, புகைக்குழாயை மேனிஃபோல்டோடு பிணைக்கும் இரு பாதிக் கிளாம்பைக் கழற்றிக் குழாயைச் சற்றுக் கீழே தொங்கவிட்டால், கீழ்வரிசை நட்டுகளை அடியிலிருந்து அணுக முடியும்.

கியர்பாக்ஸை இஞ்சினோடு இணைக்கும் மேல் போல்ட்டுகளைப் பலர் இஞ்சின் அறையிலிருந்து, தீச்சுவருக்கும் (இஞ்சினையும் பயணிகள் பகுதியையும் பிரிக்கும் தடுப்பு) இஞ்சினுக்கும் நடுவே கையை நுழைத்துத் தேடிச் சிரமப்படுகிறார்கள். மைனரில் அதற்கு வேறு வாசல் உண்டு. முன் இருக்கைகளுக்கு நடுவிலுள்ள கம்பளத்தை விலக்கினால், கியர்பாக்ஸுக்கு மேலுள்ள தரைமூடி தனித்தகடாகத் திருகாணிகளால் பொருத்தப்பட்டிருப்பது தெரியும். அதைக் கழற்றிவிட்டால் உட்கார்ந்தபடியே அந்த போல்ட்டுகளைப் பார்க்கலாம். அத்தகைய மூடி இல்லாத வண்டிகளில், கியர்பாக்ஸின் பின்தாங்கியை அவிழ்த்து, ஜாக்கின் மேல் பலகை வைத்துத் தாங்கியபடி அதன் வாலை இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழிறக்கினால் இஞ்சினின் பின்புறம் சாய்ந்து மேல் போல்ட்டுகளுக்கு இடம் கிடைக்கும். இறக்கும்போது முன்னால் விசிறி ரேடியேட்டரைத் தொடுகிறதா, ஏதேனும் குழாயோ கம்பியோ இழுபடுகிறதா என்று இன்னொருவர் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். இஞ்சின் தாங்கியின் போல்ட்டுக்கும் இதே உத்திதான்: எண்ணெய்த் தொட்டிக்கு அடியில் அகலமான பலகையை வைத்துச் சிறிது தூக்கினால், பாரம் இறங்கிய போல்ட் விரலால் சுழலும் அளவுக்கு இலகுவாகும். பலகை இல்லாமல் ஜாக்கை நேரடியாக வைத்தால் தொட்டி குழிந்துவிடும்.

சுத்தம் செய்தலும் ஊறவைத்தலும்

துருவின் மேல் ஊற்றிய எண்ணெய் துருவோடு நின்றுவிடும். ஸ்டட்டின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையைக் கம்பித் தூரிகையால் பளபளக்கும்வரை தேய்ப்பதே முதல் வேலை. கழலும் நட்டு அந்தப் பகுதியைத் தாண்டித்தான் வெளியே வரவேண்டும் என்பதால், அங்குள்ள துரு நட்டின் மரைக்குள் நொறுங்கி அடைத்துக்கொள்ளும். இடம் இல்லாத இடத்தில் பழைய பல்தூலிகையும் வளைத்த கம்பியும் போதும். தலையில் குழி உள்ள ஆலன் போல்ட் என்றால், குழியின் அடியில் இறுகிய மண்ணை ஊசியால் சுரண்டி எடுத்த பிறகே சாவியை நுழைக்கவேண்டும். பாதி ஆழத்தில் நிற்கும் சாவி குழியை வட்டமாக்கிவிடும்.

ஊடுருவும் எண்ணெயை முதல் நாள் மாலை தடவி, மறுநாள் காலை ஒருமுறை, மாலை ஒருமுறை என்று குறைந்தது இரண்டு நாள் தொடருங்கள். ஒவ்வொரு முறையும் தடவிய பிறகு நட்டின் மீது சிறு சுத்தியலால் மெல்லத் தட்டினால் அதிர்வில் எண்ணெய் உள்ளே இறங்கும். தானியங்கி கியர்பாக்ஸ் எண்ணெயையும் அசிட்டோனையும் சம அளவு கலந்து பயன்படுத்துவோர் பலர் உண்டு. நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் இரண்டும் விரைவில் பிரிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் குலுக்கவேண்டும். எளிதில் தீப்பற்றும், பெயிண்டையும் கரைக்கும். ரப்பர் பாலை உறையவைக்கும் ஃபார்மிக் அமிலம் தோட்டத்தில் எளிதாகக் கிடைத்த காலத்தில் அதைத் துரு கரைக்க ஊற்றிய ஆட்களையும் எனக்குத் தெரியும். அது துருவோடு நல்ல இரும்பையும் அரிக்கும், தோலையும் கண்ணையும் பொசுக்கும். அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

கருவியை இடத்துக்கு ஏற்ப அமைத்தல்

நட்டின் அச்சுக்கு நேராக, எவ்வளவு தொலைவிலானாலும் சரி, ஒரு நேர்கோட்டு வெற்றிடம் இருந்தால் நீண்ட எக்ஸ்டென்ஷன் கம்பிதான் முதல் தேர்வு. இரண்டு மூன்று கம்பிகளைச் சேர்த்து அரை மீட்டருக்கு நீட்டினாலும், மெதுவாக இழுக்கும்போது கைப்பிடியில் கொடுக்கும் முறுக்கு நட்டை முழுமையாகவே அடையும். கம்பி சிறிது முறுகித் திரும்புவதால், நட்டு அசைந்ததாகத் தோன்றும் முதல் சில டிகிரியை நம்பவேண்டாம். அதே காரணத்தால், அதிர்ந்து அடித்துத் திருப்பும் இம்பாக்ட் துப்பாக்கியின் அடி நீண்ட கம்பியில் மங்கிப்போகிறது. கம்பி ஆடும் இடத்தில் அதன் நடுப்பகுதியை ஒரு கை தாங்கிப் பிடிக்கவேண்டும். அந்தக் கை இல்லாமல்தான் பெரும்பாலான சாக்கெட்டுகள் சறுக்குகின்றன.

நேர்கோடு இல்லாவிட்டால், மடங்கிய நிலையிலும் சுழலும் யுனிவர்சல் ஜாயிண்ட் தேவைப்படும். 30 டிகிரிக்கு மேல் மடங்கினால் அது திக்கித் திக்கிச் சுழன்று சாக்கெட்டை நட்டிலிருந்து பக்கவாட்டில் தள்ளும். ஜாயிண்ட் தொங்கிவிழாமல் இருக்க அதைச் சுற்றி ஒரு சுற்று மின்னாடா ஒட்டுவதும், சைக்கிள் டியூபில் வெட்டிய வளையத்தை மாட்டுவதும் பழைய உத்திகள். மடக்கு மிகச் சிறியதாக இருந்தால் வாபிள் எக்ஸ்டென்ஷன் என்ற, முனை உருண்ட கம்பி போதும். அது ஏறக்குறைய 15 டிகிரிவரை சாயும், ஜாயிண்டைப் போல ஒடிந்து விழாது.

அச்சுக்கு நேராக எந்த வழியும் இல்லாமல் பக்கவாட்டில் மட்டும் இடம் இருந்தால் ஸ்பேனரின் முறை வருகிறது. திறந்தவாய் ஸ்பேனரின் வாய் கைப்பிடிக்கு 15 டிகிரி சாய்வாக அமைந்திருப்பதற்குக் காரணம் உண்டு: ஒருமுறை திருப்பிய பின் ஸ்பேனரைக் குப்புறப் புரட்டி மாட்டினால், 60 டிகிரி வீச்சு தேவைப்படும் நட்டை 30 டிகிரி வீச்சிலேயே நகர்த்திக்கொண்டு போகலாம். ஒரு திசையில் மட்டும் திருப்பும் பற்சக்கரக் கைப்பிடியான ராச்செட்டில் 72 பல் இருந்தால், அது 5 டிகிரி அசைவிலேயே அடுத்த பல்லைப் பிடிக்கும். அதை முதல் தளர்வுக்குப் பயன்படுத்தினால் பற்கள் உடையும், தளர்ந்த பின்பு கழற்றுவதற்கே அது.

கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் எதுவும் பொருந்தாத இடம் ஒன்று எல்லா இஞ்சினிலும் இருக்கிறது. ஸ்டார்ட்டரின் கீழ் போல்ட்டும் மேனிஃபோல்டின் பின்பக்கக் கீழ் நட்டும் அத்தகையவை. அரைநிலா வடிவ ரிங் ஸ்பேனர் இவற்றுக்காகவே செய்யப்படுகிறது. ஈப்போவின் கருவிக் கடைகளில் தேடலாம். கிடைக்காவிட்டால் நாமே செய்துகொள்வது அரைமணி நேர வேலை. சரியான அளவுள்ள மலிவான ரிங் ஸ்பேனர் ஒன்றை வாங்கி, வளைக்கவேண்டிய பகுதியில் குரோம் பூச்சை முற்றிலும் தேய்த்து நீக்குங்கள். சூடான குரோமின் புகை நச்சு. நட்டின் படத்தைப் பார்த்து, தடித்த கம்பி ஒன்றை வளைத்து இடத்தில் நுழைத்துப் பார்த்து வடிவத்தை முடிவு செய்யுங்கள். பிறகு ஸ்பேனரை வைஸில் பிடித்து, கேஸ் டார்ச்சால் செர்ரிப் பழச் சிவப்புவரை காய்ச்சி, அந்தக் கம்பியின் வடிவத்துக்கு வளைத்துத் தானாக ஆறவிடுங்கள். தண்ணீரில் முக்கினால் அந்த இடம் எளிதில் நொறுங்கும். மெல்ல ஆறியது கடினம் குறைந்துவிடும் என்றாலும், 5/16 அங்குல நட்டுக்குத் தேவையான பலம் அதில் இருக்கும். ரிங்கின் வெளிச்சுவர் தடித்திருந்து நுழையாவிட்டால் கிரைண்டரில் சிறிது மெலிதாக்குங்கள். இப்படி மெலிதாக்கியதைக் கொண்டு பெரிய போல்ட்டை இழுக்கக்கூடாது.

கருவி நட்டின் மீது முழுதாக இறங்கிவிட்டதா என்பதைக் கண்ணாடியில் மீண்டும் ஒருமுறை பாருங்கள். இந்தப் பார்வையைத் தவிர்த்ததால் உருண்ட நட்டுகள் ஒரு பால் கோப்பை நிறைய என்னிடம் உண்டு.

தளர்த்தும் அசைவு

முதல் அசைவு இறுக்கும் திசையில் இருக்கட்டும், மிகச் சிறிதளவே. துருவின் பிடியை அது உடைக்கிறது. இறுக்கும் திசையில் அசைந்த நட்டு தளர்க்கும் திசையிலும் அசையும். அதன்பின் தளர்க்கும் திசையில் நிதானமாக இழுங்கள். கையைத் தள்ளாமல் இழுப்பதுபோல நிலையை அமைத்துக்கொண்டால், ஸ்பேனர் சறுக்கினாலும் விரல்முட்டி விசிறியின் மீதோ மேனிஃபோல்டின் மீதோ போய் மோதாது.

கைக்குத் தெரியும் உணர்வை இங்கே கவனிக்கவேண்டும். நல்லபடியாகக் கழலும் நட்டு 'டக்' என்ற சத்தத்துடன் விடுபட்டு, அடுத்த சுற்றில் எளிதாகும். ஆபத்தான நட்டு சத்தமில்லாமல், பச்சை மரக்கிளையை முறுக்குவதுபோல் இழுபட்டுத் திரும்பும். நட்டு சுழலாமல் ஸ்டட் முறுகுகிறது என்பதுதான் அதன் பொருள். அங்கேயே நிறுத்தி, திரும்பிய அளவைப் பின்னோக்கி இறுக்கி, எண்ணெய் விட்டு, வெப்பத்துக்குப் போங்கள். நட்டு ஒரு சுற்றுக் கழன்ற பின் மீண்டும் இறுகினாலும் அப்படியே: அரைச்சுற்றுக் கழற்றினால் கால்சுற்றுத் திரும்ப இறுக்கி, மரையில் சேரும் துருத்தூளை வெளியே தள்ளிக்கொண்டே வரவேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு 1098 சி.சி. மைனர் ஒன்றில் கடைசி நட்டு மட்டும் மீதமிருந்தது. பொழுது சாய்ந்துவிட்டது, மழையும் இருட்டிக்கொண்டு வந்தது. நட்டு கால்சுற்று மெத்தென்று திரும்பியதும் வேலை முடிந்தது என்று மகிழ்ந்து மேலும் இழுத்தேன். ஸ்டட் தலையின் மட்டத்தோடு ஒடிந்தது. அதை எடுக்க இரண்டு முழு நாள் ஆயிற்று.

வெப்பம்

நெருப்பை எடுப்பதற்கு முன்பு கார்பரேட்டர் வண்டியிலிருந்து தொலைவில் இருக்கவேண்டும். பெட்ரோல் குழாய் அடைக்கப்பட்டிருக்கவேண்டும். ஊடுருவும் எண்ணெயின் மிச்சம் துடைக்கப்பட்டிருக்கவேண்டும். உலர்தூள் தீயணைப்பானும் நனைத்த கோணியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் சுத்தம் செய்த இடத்தில் நெருப்பைக் காட்டவே கூடாது; அதிலிருந்து ஃபாஸ்ஜீன் என்னும் கொடிய நச்சுவாயு உண்டாகும்.

வெப்பம் எப்படி உதவுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் எதைச் சூடாக்குவது என்ற குழப்பம் வராது. எஃகு ஒரு டிகிரி செல்சியஸுக்கு மீட்டருக்கு ஏறக்குறைய 0.012 மி.மீ. விரிகிறது. 8 மி.மீ. துளையுள்ள நட்டை மட்டும் 300 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் துளை 0.03 மி.மீ. அளவுக்குப் பெரிதாகும். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, துருவின் பிடியை உடைக்க அது போதும். ஆனால் ஸ்டட்டும் சேர்ந்து சூடேறிவிட்டால் இரண்டும் ஒரே அளவு விரிந்து பயன் போய்விடும். எனவே சிறிய, கூர்மையான சுடரால் நட்டின் பக்கங்களை மட்டும் விரைவாகச் சூடாக்கவேண்டும். பித்தளை நட்டு எஃகைவிட அதிகம் விரிவதால் இன்னும் எளிதாக விடும். நெருப்பு நுழைய முடியாத இடங்களில் மின்தூண்டல் சூடாக்கி நல்ல கருவி. அதன் சுருளை நட்டைச் சுற்றி மாட்டினால் சில நொடிகளில் நட்டு மட்டும் சிவக்கும்.

சூடான நட்டின் மரை தொடங்கும் இடத்தில் ஒரு மெழுகுவர்த்தியைத் தொட்டால், உருகிய மெழுகு இடைவெளிக்குள் இழுத்துக்கொள்ளப்படும். ஆறும்போது அது மசகாக இருக்கும். எண்ணெயைச் சூடான நட்டில் பீய்ச்சுவதைவிட இது பாதுகாப்பானது, பலனும் கூடுதல் என்பது என் கருத்து. சூடாக்கி ஆறவிடும் சுற்றை இரண்டு மூன்று முறை செய்யத் தயங்காதீர்கள். அலுமினியத் தலையுள்ள இஞ்சின்களில் சுடரை நீண்ட நேரம் காட்டக்கூடாது. அலுமினியம் உருகுவதற்கு முன்பு நிறம் மாறிக் காட்டாது.

ஸ்டட் ஒடிந்துவிட்டால்

சிறிதேனும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், இரண்டு நட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டி ஒன்றையொன்று பூட்டி, உள்ளேயுள்ள நட்டைத் தளர்க்கும் திசையில் திருப்புங்கள். மரை இல்லாத அளவுக்கு ஒடிந்திருந்தால், சற்றுப் பெரிய நட்டு ஒன்றை அதன்மேல் வைத்து நடுவில் வெல்டிங் செய்வது மிகச் சிறந்த வழி. வெல்டிங்கின் வெப்பமே பாதி வேலையைச் செய்துவிடும்.

மட்டத்தோடு ஒடிந்ததைத் துளைத்துத்தான் எடுக்கவேண்டும். துளை நடுவில் விழுவதற்கு, பழைய மேனிஃபோல்டையோ அதன் துளைகளுக்கு ஒத்த தடித்த இரும்புத் தகட்டையோ மற்ற ஸ்டட்டுகளில் மாட்டி, ஒடிந்த இடத்துத் துளையில் 3 மி.மீ. உள்துளையுள்ள புஷ் (சிறு உருளைக் குழல்) ஒன்றைச் செருகி, அதையே வழிகாட்டியாகக் கொண்டு துளையுங்கள். இடமில்லாத இடத்தில் செங்கோணத் துளைப்பான் உதவும். இடப்புறம் சுழலும் டிரில்பிட் கிடைத்தால், துளைக்கும்போதே ஸ்டட் கழன்று வருவதும் உண்டு. துளைக்குள் செருகி ஒடிந்த ஸ்டட்டைத் திருப்பி எடுக்கும் கூம்பு வடிவ எக்ஸ்ட்ராக்டரை நான் கடைசியாகத்தான் எடுப்பேன். அது மிகக் கடினமான எஃகு என்பதால், உள்ளே ஒடிந்தால் சாதாரண டிரில்பிட் அதைத் தொடாது. எதுவும் பலிக்காவிட்டால், 5/16 அங்குல, அங்குலத்துக்கு 24 மரையுள்ள ஸ்டட்டுக்கு 6.9 மி.மீ. வரை துளைத்து, மரை வெட்டும் கருவியான மரை ஓட்டியால் பழைய மரையின் மிச்சத்தைச் சுருளாக வெளியே எடுக்கலாம். துளை விலகிப்போயிருந்தால் ஹெலிகாயில் (புதிய மரையாக உள்ளே பொருத்தும் கம்பிச்சுருள்) போட்டுச் சரிசெய்யலாம்.

திரும்பப் பூட்டும்போது

அடுத்த முறை கழற்றப்போவதும் நாம்தான். மேனிஃபோல்டில் பித்தளை நட்டுகளையும், மரையில் செம்புக் கிரீஸையும் பயன்படுத்துங்கள். பித்தளை காந்தத்தில் ஒட்டாது. இடுக்கில் விழுந்தால் காந்தக் கம்பியால் எடுக்க முடியாது என்பதால், மாட்டுவதற்கு முன்பு அடியில் ஒரு துணியை விரித்துவிடுங்கள். விரல் எட்டாத ஸ்டட்டில் நட்டைத் தொடங்க, சாக்கெட்டுக்குள் சிறிது கிரீஸ் தடவி அதில் நட்டை ஒட்டவைத்து, நீண்ட கம்பியின் முனையில் கொண்டுபோய் முதல் இரண்டு சுற்றை ராச்செட் இல்லாமல் விரலால் மட்டும் சுழற்றுங்கள். முதலில் எதிர்த்திசையில் சுழற்றி, மரை ஒன்றுக்குள் ஒன்று விழும் சிறு துள்ளலை உணர்ந்த பிறகு இறுக்கத் தொடங்கினால் மரை குறுக்கே ஏறாது.

இந்த இஞ்சினின் மேனிஃபோல்ட் நட்டுகளுக்கு ஏறக்குறைய 20 நியூட்டன் மீட்டர் இறுக்கமே போதும். உங்கள் வண்டியின் கையேடு சொல்வதே முடிவானது. கிரீஸ் தடவிய மரைக்கு அதே எண்ணில் கூடுதல் இழுவிசை ஏறும் என்பதால் நான் சிறிது குறைத்தே இறுக்குவேன். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் குரோஃபுட் என்னும் பக்கவாய்த் துண்டை மாட்டவேண்டியிருந்தால், அதைக் கைப்பிடிக்குச் செங்கோணமாக வையுங்கள். அப்போதுதான் ரெஞ்ச் காட்டும் அளவு மாறாமல் இருக்கும். நடுவிலிருந்து தொடங்கி இரு பக்கமும் மாறி மாறி இறுக்கி, ஒருமுறை இஞ்சினை நன்றாகச் சூடாக்கி, முற்றிலும் ஆறிய பின் மறுபடி ஒருமுறை எல்லா நட்டையும் சரிபார்க்கவேண்டும். அந்தச் சரிபார்ப்புக்காகவே கார்பரேட்டரின் வெப்பத் தடுப்பையும் பானட்டையும் மறுநாள்வரை மாட்டாமல் விட்டுவையுங்கள்.

வளைத்துச் செய்த ஸ்பேனரின் கைப்பிடியில் சிவப்புப் பெயிண்ட் பூசி, 'மைனர், மேனிஃபோல்ட், பின்பக்கம் கீழ்' என்று எழுதி ஆணியில் தொங்கவிடுங்கள். எழுதாமல் விட்டால், அடுத்த முறை வீட்டைச் சுத்தம் செய்பவர் கோணிப்போன ஸ்பேனர் என்று நினைத்துப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுவார்.